வரிசையில் ஒரு சாண் இடம்

லாரி மெக்கானிக்குக்குத் தன் மனைவியின் அண்ணன்மீது எட்டு வருடக் கோபம். நாலு பேர் முன்னால் அந்தத் தையல்காரர் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டார் என்ற கோபம். துருப்பிடித்த நட்டைக்கூட எண்ணெய் விட்டுக் கழற்றிவிடலாம், இது கழலவே இல்லை.

நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு எல்லாரும் வரிசை கட்டி நிற்கிறார்கள். மெக்கானிக்கின் பக்கத்தில் அவனுடைய ஏழு வயது மகன். மகனுக்கு அந்தப் பக்கம், சாக்கடை அள்ளுகிற ஆள் தன் பையனோடு வந்து நின்றார். சோப்புப் போட்டுக் குளித்து, வெளுத்த சட்டை மாட்டித்தான் வந்திருந்தார். இவன் என்ன நினைத்தானோ, மகனின் கையைப் பிடித்து வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வரிசையில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது.

பின்வரிசையில் நின்ற தையல்காரர் சும்மா இருப்பாரா? முன்னால் வந்து, தங்கை மகனின் தோளைப் பிடித்துப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்.

"என்ன மாப்ள, உன் நகத்துல இருக்கிற கிரீஸைப் பார்த்து இங்க யாராவது தள்ளி நின்னாங்களா? எல்லாரும் ஆதமோட பிள்ளைங்கதானே? ஆதம் என்ன, இரும்புலயா செஞ்சு வந்தாரு? மண்ணுதானே!"

நாலைந்து பேர் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். இவனுக்குக் காது சிவந்துபோனது. அதோடு மச்சான் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி மட்டும் போய் வருவாள்.

"கோபத்தை இறக்கி வச்சா என்ன, மூக்கு உடைஞ்சா போயிடும்?" என்பாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, என் வாயையும் சேர்த்துத் தைச்சாச்சுன்னு."

போன மாதம் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பட்டறை உடுப்போடு ஓடினான். தலைமையாசிரியர் அறையில் மூன்று நாற்காலி சும்மா கிடந்தன. அவர் இவன் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை.

"சாக்கடை அள்ளுறவரோட பையனை உங்க பையன் பெஞ்சுல உட்கார விடமாட்டேங்கிறான். அவன் மூணு நாளா தரையில உட்கார்ந்து எழுதுறான்."

வெளியே வந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டான். "யாருடா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

பதினைந்து வயதுப் பையன் மிரளக்கூட இல்லை. "நீங்கதான் வாப்பா. தொழுகையில என் கையப் பிடிச்சு இழுத்தீங்களே. மாமா திரும்ப நிறுத்தினாரு. வீட்டுக்கு வந்து நீங்க மாமாவைத்தானே திட்டினீங்க?"

ஓங்கிய கை பாதியிலேயே இறங்கியது.

நேராக மச்சான் வீட்டுக்குப் போனான். நுரையீரல் கெட்டு அவர் படுக்கையில் விழுந்து ஆறு மாதம். தையல் மெஷினைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள்.

"வா மாப்ள. வாயில போட்ட தையல் பிரிஞ்சிடுச்சா?" சிரிக்கப் பார்த்தவருக்கு இருமல்தான் வந்தது.

இவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"தப்பு எம்மேலயும் இருக்கு. உன் காதோட சொல்லியிருக்கணும். பிள்ளை முன்னாடி உன்னை அவமானப்படுத்திட்டேன், நீ முறுக்கிக்கிட்டே. ஆனா அந்த ஆள் அதுக்கப்புறம் நம்ம பள்ளிவாசலுக்கே வர்றதில்ல, தெரியுமா? தண்டவாளம் தாண்டி வேற பள்ளிக்கு நடந்து போறாரு. மூணு தடவை போய்க் கூப்பிட்டேன். 'எனக்குக் கோபமில்லண்ணே, என் பையன் பார்த்துட்டானே'ன்னாரு."

மெக்கானிக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தன் அவமானத்தையே எட்டு வருடம் தடவிக்கொண்டிருந்தவனுக்கு, அந்த மனிதர் வராமல் போனது கண்ணிலேயே படவில்லை.

அடுத்த சில நாள் மச்சான் பக்கத்திலேயே கிடந்தான். ஒரு காலையில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தங்கை கரண்டியால் தண்ணீர் ஊட்டினாள். பாதி வழிந்துவிட்டது. அவர் கண்ணாலேயே இவனைக் கிட்டே கூப்பிட்டார். அவர் கடைசியாகப் பேசியது இதுதான்.

"நான் போனதும் என் ஜனாஸா தொழுகைக்கு நீயே போய் அவங்க வீட்டுக் கதவைத் தட்டு, மாப்ள. ஆள் அனுப்பாதே. உன் மகனையும் கூட்டிட்டுப் போ. அவன் முன்னாடியே மன்னிப்புக் கேளு. அவரு வந்தா, அப்பனையும் பிள்ளையையும் உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நிறுத்திக்கோ. வரமாட்டேன்னா வற்புறுத்தாதே. அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் தண்டவாளத்தைத் தாண்டி, அவரு தொழுற பள்ளிக்கு நடந்து போங்க."