கண்ணில் தண்ணி, பின்னாடி நண்டு

நண்டு விக்கிற தொழிலில் ரெண்டு பேருக்கு உயிர் இருக்கணும்: ஒண்ணு நண்டு, இன்னொண்ணு விக்கிறவ. மார்கழிப் பனியில் பைக்கில் போனா ரெண்டுமே சந்தேகம்தான். விடிகாலையில் ஹேண்டில்பாரைப் பிடிச்சு விரல் மரத்துப்போன அக்கா தங்கச்சிங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி நண்டு பிடிக்கும்போது என் வீட்டுக்காரர் காலில் திருக்கை மீன் முள் ஏறிடுச்சு. வீக்கத்தில் செருப்புகூட நுழையலை. அவரோட வாடிக்கை எல்லாம் அனுப்பம்பட்டிலும் பொன்னேரியிலும். பொங்கலுக்குள்ள அது கைவிட்டுப் போச்சுன்னா வண்டியை வித்துட்டு, பிடிக்கிறதைக் கரையிலேயே வியாபாரி கேட்ட விலைக்குப் போட்டுட வேண்டியதுதான்னு மாமனார் சொல்லிட்டார். நான் அஞ்சாவதோட நின்னவ. புது ஆளைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது. ஆனா கல்யாணமான புதுசில் அவர் விளையாட்டா பைக் ஓட்டக் கத்துக்கொடுத்திருந்தார். அந்த விளையாட்டு இப்போ வினையாச்சு.

உதை

முதல் நாள் அவரோட ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அதுக்கு மேல ஹெல்மெட். என் ரெண்டு வயசு மக என்னைப் பார்த்து, "அப்பா டாட்டா"ன்னு கையாட்டினா. நிஜ அப்பா கயித்துக் கட்டில்ல இருந்து சிரிக்கிறார்.

வண்டி சீட்டெல்லாம் பனித் தண்ணி. உதைச்சேன், கிளம்பலை. சோக்கை இழுத்து உதைச்சேன், இருமிட்டு நின்னுடுச்சு. தெருவே வேடிக்கை பார்க்குது. வெட்கத்தில் இன்னும் வேகமா உதைச்சேன். எங்க தெரு கஸ்தூரி அக்கா கூடையோட ஷேர் ஆட்டோவுக்கு நின்னிருந்தாங்க. அவங்களும் மீன் விக்கிறவங்கதான். நின்னு நிதானமா பார்த்துட்டுச் சொன்னாங்க:

"நீ உதைக்கிற உதைக்கு வண்டி போவலன்னாலும் உன் காலு மட்டும் பொன்னேரி போயிடும்."

தூங்கின நண்டு

சேத்து நண்டை உயிரோட கொடுத்தாத்தான் வாங்குவாங்க. ஈரச் சாக்கில் போட்டு, அந்தக் குளிர் காத்தில் அத்தனை தூரம் கொண்டுபோனா, அது விறைச்சுப்போய்க் காலை ஆட்டாம கிடக்குது. பொன்னேரி டீச்சரம்மா ஒண்ணைத் தூக்கிப் பார்த்துட்டுச் செத்ததுன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. தூங்குதும்மான்னு சொல்ல வாயெடுத்தேன், வரலை.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை. நமக்குக் குளிர்ந்தா அடுப்புகிட்ட உட்கார்றோம், நண்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? சாக்கை இன்ஜின் பக்கமா அனல் படுற மாதிரி தொங்கவிட்டேன். நண்டுங்களுக்கு நல்லா உயிர் வந்துடுச்சு. ஆனா மரத்த விரலால் நண்டுங்க காலைக் கட்டினது நான் இல்லையா, முடிச்செல்லாம் லொடலொட. டீச்சரம்மா வாசல்ல சாக்கைப் பிரிச்சதுதான் தாமதம், மூணு நண்டு என்னைக் கேக்காமலே வீட்டுக்குள்ள போயிடுச்சு. டீச்சரம்மா நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டாங்க.

"செத்த நண்டுன்னு சொன்னது தப்புதாம்மா. மொதல்ல சோபாவுக்கு அடியில இருக்கிறதைப் புடி."

கண்ணில் தண்ணி

ஹெல்மெட் கண்ணாடியை மூடினா மூச்சுபட்டு உள்பக்கம் மங்கிடும். வெளிப்பக்கம் பனி. ரோடு எது, உப்பங்கழி எது தெரியாது. உசுருக்குப் பயந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். காத்து கண்ணில் அடிச்சு, தண்ணி தாரைதாரையா ஊத்துது. அனுப்பம்பட்டில் அவரோட பழைய வாடிக்கை சரோஜாம்மா வீட்டு வாசல்ல நின்னப்போ கண்ணு ரெண்டும் செவப்பு, மூக்கு ஒழுகுது.

எங்கே உன் வீட்டுக்காரன்னு கேட்டாங்க. வீட்ல படுத்திருக்காருன்னேன். வேலை நேரத்தில் என்ன படுக்கைன்னு கேட்டாங்க. திருக்கை முள்ளுன்னு சொல்லணும். குளிரில் தாடை ஆடுது, எப்பவும் போல வெட்கம் வேற, தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சரோஜாம்மாவுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. மூணு வீட்டிலும் நண்டு போச்சு, எனக்கு ஒரு டம்ளர் டீயும் கிடைச்சது.

"அழுவாத கண்ணு. குடிச்சிட்டுப் படுத்திருக்கிறவனுக்கு நீ எதுக்கு அழுவுற?"

ஹார்ன்

என் வீட்டுக்காரர் "நண்டேய்"னு குரல் விட்டா நாலு தெருவுக்குக் கேக்கும். எனக்கு அது வராது. அதனால ரெண்டு சின்ன ஹார்ன், ஒரு பெரிய ஹார்ன்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன். கொஞ்ச நாளில் ஜனங்களுக்கும் பழகிடுச்சு.

ஒரு நாள் சுவிட்சுக்குள்ள பனித் தண்ணி இறங்கி, பெரிய ஹார்ன் நிக்கவே இல்லை. ஹார்ன் வயர் நேரா பேட்டரியில, சாவியை எடுத்தும் அடங்கலை. தலையைச் சுத்தி முக்காடு போட்டுத் தூங்கின ஜனமெல்லாம் அதே போர்வையோட வெளியே வந்துடுச்சு. ஓடவும் முடியலை, ஒளியவும் முடியலை. வந்தவங்க சும்மா திரும்புவாங்களா, சாக்கு காலி. கடைசியில் ஒரு ஆட்டோ அண்ணன் வந்து வயரைப் பிடுங்கிவிட்டார்.

"இன்னாம்மா நீ, தொறந்தா வாயை மூடவே மாட்டியா?"

பொங்கல் கழிச்சு

காணும் பொங்கலுக்கு மறுநாள் அவருக்குச் செருப்பு நுழைஞ்சது. இனிமே நானே போறேன்னு கிளம்பினார். புதுசா சேர்ந்த வீடுங்களைக் காட்ட நான் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டேன். ஹெல்மெட் அவர் தலையில். காத்தெல்லாம் என் கண்ணில்.

அனுப்பம்பட்டில் இறங்கி, லேசா நொண்டிக்கிட்டு நடந்தார். சரோஜாம்மா அவரையும் பார்த்தாங்க, என் கண்ணையும் பார்த்தாங்க. குடிச்சுட்டு விழுந்து கால் போச்சான்னு ஆரம்பிச்சாங்க. பக்கத்து வீட்டு ரெண்டு பேரும் வந்து சேர்ந்துக்கிட்டாங்க. அவர் வாழ்க்கையில் சோடாவைத் தாண்டி எதுவும் குடிச்சதில்லை. சொல்லேன்டின்னு என்னைப் பார்க்கிறார். நானும் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அந்நேரம் பார்த்துக் கன்னத்தில் ஒரு சொட்டு வழிஞ்சது. அதுக்கப்புறம் நடந்ததை அவர் மரியாதைக்காக எழுதலை.

அதோட வீட்டுக்குத் திரும்பிட்டோம். வீட்டு வாசல்ல மாமனார் எதிரே சாவியை என் கையில் வச்சார்.

"நண்டு புடிக்கிறது நானு, விக்கிறது நீ. வண்டி உன்னுது. அந்தத் தெருவுக்கு மட்டும் என்னைக் கூப்புடாத."

இப்போ பனி விட்டுப்போச்சு, ஹெல்மெட் கண்ணாடியைத் தாராளமா மூடிக்கலாம், ஆனா அனுப்பம்பட்டு வரும்போது மட்டும் அதைத் தூக்கித்தான் விட்டுக்கிறேன்.