பெட்ரோல் பொய் சொல்லாது

நாலாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. அம்மா மில்லில் வேலை பார்த்தாள். மில் பூட்டிக் கிடந்த வருஷம் நான் வாடகைக் கார் ஒன்றைத் துடைக்கப் போனேன். துடைத்த காரை ஓட்டினேன், ஓட்டிய காரையே வாங்கினேன். பிறகு காருக்கு மேல் கார், இரண்டு வேன், பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் மாடி வைத்த வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீட்டுக்காரர்கள் விமானம் ஏறச் சென்னைக்குப் போக வேண்டும் என்றால் என் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

தொழிலில் நான் நின்றதற்குக் காரணம் ஒரு மூங்கில் குச்சி. கத்தியால் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தேன். வண்டி வெளியே போகும்போது டாங்கில் விட்டு எடுப்பேன், திரும்பி வந்ததும் விட்டு எடுப்பேன். "கடலூர் போய்ட்டு வந்தேன் மொதலாளி" என்பான் டிரைவர். குச்சி சிதம்பரம் என்று சொல்லும். "நடுவுல யார ஏத்திக்கினு போன?" என்று கேட்டால் ஆள் வெளுத்துவிடுவான். வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் முள் ஆளுக்குத் தகுந்தபடி ஆடும். என் குச்சி ஆடாது. டிரைவர்கள் எனக்குக் 'குச்சி முதலாளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

வயதான பிறகு வண்டிகளையெல்லாம் விற்றுவிட்டேன். மிஞ்சியது ஒரு பழைய கியர் இல்லாத ஸ்கூட்டர். மகன் கல்லூரிக்குப் போக வாங்கியது. இப்போது அவன் சென்னையில் வேலை பார்க்கிறான், வாரக் கடைசியில் வந்து போகிறான். ஸ்கூட்டர் மருமகளிடம் இருக்கிறது. காலையில் பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு, கதிர்காமத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மருந்துக்கடைக்கு வேலைக்குப் போவாள். சாயந்திரம் வருவாள். அந்த வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நின்று வருஷக்கணக்காகிறது. சரி செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என்னிடம்தான் குச்சி இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஸ்கூட்டருக்கு நான்தான் பெட்ரோல் போட்டு வருவேன். எப்போதும் ஒரே அளவு. அடுத்த சனிக்கிழமை இரவு குச்சி விட்டால் அடியில் ஒரு விரல் நனையும். அப்படியேதான் வாரா வாரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு ஸ்கூட்டருக்கு எதற்குக் குச்சி என்று யாரும் கேட்கலாம். சிலர் காலையில் செய்தித்தாள் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். எனக்கு இது.

நடுவில் ஒரு சண்டை. மருமகளின் அண்ணன் முதலியார்பேட்டையில் வீடு கட்டிக் குடிபுகுந்தான். அரசாங்க உத்தியோகம் பார்ப்பவன். விருந்துக்கு வந்தவர்களிடம் நான் என் கார்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "மாமாவுக்கு நம்பர் பிளேட்டத் தவிர வேற எதுவும் படிக்கத் தெரியாது. ஆனா ஊரையே படிச்சவரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

"அவன் ஒங்களப் புகழ்ந்துதாங்க சொன்னான்" என்றாள் என் மனைவி.

"இனிமே அந்த ஊட்டு வாசப்படிய யாரும் மிதிக்கக்கூடாது" என்றேன் நான். யாரும் என்றால் மருமகளும்தான். அவளுடைய அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை. நினைவில் இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அதன்பிறகு கொஞ்ச நாளில் ஒரு சனிக்கிழமை குச்சி காய்ந்து வந்தது. அடுத்த சனிக்கிழமையும் காய்ந்துதான் வந்தது. குறைந்தது கொஞ்சம்தான். ஆனால் எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். வாரத்தில் ஒரு முறை முதலியார்பேட்டைக்குப் போய் வரும் தூரம். பள்ளிக்கூடமும் கதிர்காமமும் வடக்கே, முதலியார்பேட்டை தெற்கே. வழியில் எட்டிப் பார்த்தேன் என்று சொல்லவும் முடியாது. பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு துள்ளல் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கு மறுபடியும் வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மகனும் வந்திருந்தான். மருமகள் பேத்திக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரமும் முதலியார்பேட்டைக்குப் போனியாம்மா?" என்றேன்.

"இல்லியே மாமா. ஏன்?"

"போனா போனேன்னு சொல்லிடு. ஒளிச்சி வெக்கிறதுதான் எனக்குப் புடிக்காது."

"போகல மாமா."

எழுந்து போய்க் குச்சியை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "டிரைவருங்க சொன்ன பொய்யெல்லாம் நாப்பது வருஷம் கேட்டவன்மா நானு. மனுஷன் பொய் சொல்லுவான். பெட்ரோல் பொய் சொல்லாது."

"அப்பா, சாப்புடும்போது இன்னாப்பா இது?" என்றான் மகன்.

"அவ இன்னா ஒங்க வண்டி டிரைவரா?" என்றாள் மனைவி. "மொதல்ல அந்தக் குச்சிய எடுங்க, கொழம்புல படுது."

மருமகள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"எங்கம்மா பாத்ரூம்ல வழுக்கி உழுந்து கைல கட்டுப் போட்டிருக்காங்க மாமா. ஒரு மாசம் ஆவுது. தெனம் போன்ல அழுவுறாங்க. நீங்க போக வேணாம்னீங்க. ஒங்க புள்ளயும் அப்பா கோவம் தணியட்டும், கொஞ்ச நாள் பொறுத்துக்கன்னாரு. அதனால போகல." மேசை மேல் கிடந்த குச்சியைப் பார்த்தாள். "போயிருக்கணும். இந்தப் பேச்சு வாங்கறதுக்காவது ஒரு அர்த்தம் இருந்திருக்கும்."

அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். தெருவில் போகிற யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பான். நான் கேட்டது இதுதான்:

"அப்ப பெட்ரோல் எங்கம்மா போச்சி?"

அவள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். மகன் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தான். என் மனைவி அன்று இரவு வரை என்னோடு பேசவில்லை. பேசியபோதும், "அம்மா கை முறிஞ்ச கதய அது என்கிட்டகூட சொல்லலியேங்க, அவ்ளோ பயந்து கெடந்திருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் முதல் இரண்டு நாள் மருமகள் ஸ்கூட்டரைத் தொடவில்லை. பேத்தியோடு ஆட்டோவில் போனாள், பஸ்ஸில் வந்தாள். மூன்றாம் நாள் வண்டியை எடுத்துப் போனாள். சாயந்திரம் வந்து நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் முன்னால் வந்து நின்றாள்.

"மீட்டர் கேபிள் மாத்திட்டேன் மாமா. இப்ப ஓடுது." பிறகு ஓர் எண்ணைச் சொன்னாள். கடைசி இலக்கம் வரை சொன்னாள். "சரியான்னு வேணும்னா போய்ப் பாத்துக்கோங்க."

அடுத்த நாள் காலையில் கிளம்பும்போது எண்ணைச் சொல்லிவிட்டுப் போனாள். சாயந்திரம் வந்ததும் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஏச்சு இல்லை, முகச்சுளிப்பு இல்லை. காபி வேண்டுமா மாமா என்று கேட்கிற அதே குரல். டிரைவர்கள் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், ஒருவன் சாவியை என் முகத்தில் எறிந்துவிட்டே போனான். இப்படி யாரும் என்னை அடித்ததில்லை.

நானும் லேசுப்பட்டவன் இல்லையே. எண்களைக் கழித்துப் பார்த்தேன். வீடு, பள்ளிக்கூடம், கதிர்காமம், வீடு. ஒவ்வொரு நாளும் ஒரே தூரம். முதலியார்பேட்டை எந்த நாளிலும் இல்லை. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாகப் பெட்ரோல் போடாமல், புதன் முதல் புதன் வரை அவள் ஓட்டிய தூரத்துக்கு அளந்து பார்த்தேன். குச்சி காய்ந்துதான் வந்தது.

அன்று சாயந்திரமே வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். நான் கார் துடைத்த நாளில் இருந்து எனக்குச் சிநேகிதன்.

"வாய்யா மொதலாளி. ஒன் மருமக வந்து கேபிள் மாத்திக்கினு போச்சி. காசு வேணாம்னேன், கேக்கல. நீ அனுப்பிச்சியா?"

"ஆமா" என்றேன். "எங்கனா ஒழுவுதான்னு பாரு. பெட்ரோல் நிக்க மாட்டேங்குது."

குனிந்து பார்த்தான். துணியால் துடைத்துப் பார்த்தான். "ஒழுவல. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது, அது தெரியுமா ஒனக்கு?"

"எவன் கலக்கறான்? எந்த பங்க்குன்னு சொல்லு, போய்க் கேக்கறேன்."

"யோவ், பங்க்காரன் இல்லய்யா. கவர்மெண்டே கலந்துதான் குடுக்குது. கரும்புல எடுக்கற ஸ்பிரிட்டு. ஊரு பூரா அதான். பெட்ரோல் அளவுக்கு அதுக்கு சூடு கெடையாது. அதே தூரத்துக்கு வண்டி கொஞ்சம் கூடக் குடிக்கும். பழைய வண்டின்னா இன்னும் கொஞ்சம் கூட." அவனே சிரித்துக்கொண்டான். "பாண்டிச்சேரில இருந்துகினு வண்டி மட்டும் குடிக்காம இருக்குமா?"

நான் சிரிக்கவில்லை. "இது எனக்கு எப்படித் தெரியும்?"

"நூத்துக்கு இருபது பங்குன்னு பம்புல ஒட்டியிருப்பானே. பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அதற்கு நேராகத்தான் நிற்கிறேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, பக்கத்தில் இருபது என்று எண். பம்பின் நம்பர் என்று நினைத்திருந்தேன். பங்க்கில் இருக்கிற எல்லாப் பம்புக்கும் எப்படி ஒரே நம்பர் இருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. நம்பர் பிளேட்டைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாது என்று அந்தப் பையன் சொன்னதற்குச் சாப்பிடாமல் எழுந்து வந்தவன் நான். அன்றைக்கு அவன் வீட்டில் என்ன சமைத்திருந்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினேன். ஓட்டவும் மனம் வரவில்லை. குச்சியைக் காட்டி நான் வேலையை விட்டு அனுப்பிய டிரைவர்கள் வழியெல்லாம் நினைவுக்கு வந்தார்கள். அப்போது இந்த எத்தனால் கிடையாது, அவர்கள் திருடர்கள்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை.

மறுநாள் சாயந்திரம் மருமகள் வந்து எண்ணைச் சொன்னாள். "உக்காரும்மா" என்றேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் உட்கார வைத்தேன். வாய் திறந்தால் எத்தனால்தான் வந்தது. கரும்பில் இருந்து எடுப்பது, சூடு குறைவது, பழைய வண்டி கூடக் குடிப்பது, பம்பில் ஒட்டியிருப்பது, எல்லாவற்றையும் பாடம் நடத்துவது போலச் சொன்னேன். மெக்கானிக் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப பெட்ரோல்தான் பொய் சொல்லிச்சா மாமா?"

"ஆமாம்மா."

"சரி மாமா."

எழுந்துவிட்டாள். சமையலறைக் கதவருகில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பு பெட்ரோல் மேலயா ஒங்க மேலயா? அத சொல்லுங்களேன்."

"நம்பர் சொல்ல வேணாம்மா இனிமே" என்றேன் மருமகளின் முதுகைப் பார்த்து. "அம்மாவப் போய்ப் பாத்துட்டு வா. எப்ப வேணும்னாலும் போ. என்னக் கேக்க வேணாம்."

"இருக்கட்டும் மாமா" என்றாள். எதற்கு இருக்கட்டும் என்று எனக்குப் புரியவில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை பங்க்குக்குப் போனேன். "எவ்ளோக்கு சார்?" என்றது பெட்ரோல் போடும் பெண். "ஃபுல்லா போடு" என்றேன். இத்தனை வருஷத்தில் சொந்த வண்டிக்கு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. விளிம்பு வரை நிரம்பியது. குச்சியை நான் எடுத்துப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து சாவியை மருமகளிடம் நீட்டினேன். "ஃபுல் டாங்க்கும்மா. புள்ளயையும் கூட்டிக்கினு போ. அம்மாவ பீச் பக்கம்கூட அழைச்சிக்கினு போய்ட்டு வா, காத்து படட்டும்."

அவள் பேத்தியை முன்னால் நிறுத்திக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். முந்தானையால் மீட்டர் மேல் இருந்த தூசியைத் துடைத்து, குனிந்து பார்த்து, எண்ணைச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லுமுன் வண்டி தெருமுனையில் தெற்கே திரும்பிவிட்டது.

பொழுது சாய்ந்த பிறகு வந்தார்கள். பேத்தியின் கையில் பாட்டி கொடுத்த முறுக்கு. "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கும்மா?" என்றேன். இரண்டு வாரம் தாமதமான கேள்வி. "கட்டு பிரிச்சிட்டாங்க மாமா. வெரல் மடங்குது" என்றாள். பிறகு எண்ணைச் சொன்னாள்.

அவள் உள்ளே போனதும் பழக்கம் விடவில்லை, கழித்துப் பார்த்தேன். முதலியார்பேட்டைக்குப் போய் வந்த தூரம். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு தெரு அளவுகூட இல்லை. பீச்சுக்குப் போகவில்லை. டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தது.