எட்டு போட வந்த அக்கா

திருப்பதியில் லைசென்சுக்காக எட்டு போடும் மைதானத்தில் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது, கனத்த உடம்பு. பனி விலகாத காலை. காத்திருக்கும்போதுகூட அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முன்கண்ணாடியைத் தூக்கி, அப்படியே டீ குடித்தார்.

“கழட்டிட்டுக் குடிக்கலாமேக்கா?” என்றேன்.

“இருக்கட்டும்மா. இதுக்குள்ள இருந்தா கெனாவுல கீற மாதிரி கீது. பயம் தெரியல.” மரத்தடியில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்த கணவரைக் காட்டினார். “அவருக்குக் கண்ணு போயிடுச்சி. இத்தினி வருசமும் பின்னால ஒக்காந்துகினு அவரு முதுகத்தான் பாத்தேன். வழிய பாத்ததே இல்ல.”

“ரா அம்மா” என்று ஆய்வாளர் தெலுங்கில் கூப்பிட்டார். வண்டி எட்டுக்குள் நுழைந்தது, வளைவில் தள்ளாடியது.

“கால் ஊனிட்டாளா?” என்று கணவர் என்னைக் கேட்டார்.

“இல்லீங்க. ஊனவே இல்ல.”

அவர் முகம் மலர்ந்தது.

அக்கா தேறிவிட்டார். கணவர் தலையிலும் ஒரு ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கி, பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

“மல மேல மேகம் படுத்துகினு கீது... எதுக்க லாரி வருது, ஓரமா போறேன்...” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வீடு வரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டு போயிருப்பாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.