கழற்ற மறுத்த பாவாடை

என் அண்ணனைப் பொறுத்தவரை நிறங்களிலும் ஆம்பளை, பொம்பளை உண்டு. என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் யாரோ ரோஸ் கலர் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த அண்ணன், குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துண்டைப் பார்த்தான். "இன்னாம்மா இது, ஆம்பளப் புள்ளைக்குப் போயி ரோஸு" என்றவன், நேராகச் செங்கல்பட்டு பஜாருக்குப் போய் நீலத் துண்டு வாங்கிவந்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கினான். அதற்கப்புறம் அவன் எடுத்துத் தந்த உடுப்பிலெல்லாம் சிங்கம், புலி, புல்லட் வண்டி. ஒரு சட்டையில் 'பாஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த பாஸுக்கு அப்போது உட்காரவே தெரியாது.

அண்ணன் முட்டுக்காட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். முறுக்கு மீசை, கையில் வெள்ளிக் காப்பு, ஜிம்முக்குப் போய் ஏற்றிய உடம்பு. அப்படிப்பட்டவனும் எங்கள் குடும்பத்தின் ஒரு வழக்கத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டான். குலதெய்வத்துக்கு மொட்டை போடும்வரை ஆண் பிள்ளைக்கும் முடி வெட்டக் கூடாது. மொட்டைக்கு முன்னால் அந்த முடியைப் பின்னி, பூ வைத்து, பொட்டிட்டு, பாவாடை சட்டை போட்டு ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். ரோஸ் துண்டு ஆகாது, பட்டுப்பாவாடை ஆகும். இது என்ன நியாயம் என்று கேட்டால் எனக்கு வாய் நீளம் என்பார்கள்.

மகனுக்கு மூன்று வயதானதும் மொட்டைக்கு நாள் குறித்தோம். கோயில் திருவிடந்தைப் பக்கம் என்பதால், அன்று காலையிலேயே அங்கே கடற்கரையில் போட்டோ. மாம்பழ மஞ்சளில் பாவாடை, ஜடை நிறையக் கனகாம்பரம். படம் பிடிக்க வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு சுத்து சுத்து, செல்லம்" என்றார்.

சுற்றினான். பாவாடை குடை மாதிரி விரிந்தது. பிறந்ததிலிருந்து விறைத்த ஜீன்ஸுக்குள் கிடந்த பிள்ளை, குனிந்து தன்னையே பார்த்தான். மறுபடி சுற்றினான். தலை கிறுகிறுத்து மணலில் விழுந்து, எழுந்து, திரும்பவும் சுற்றினான்.

போட்டோ முடிந்து பாவாடை நாடாவில் கை வைத்ததும் கத்தல் ஆரம்பித்தது. "எனக்கு இது வோணும்." என் கணவர் சாக்லேட் காட்டினார், மொபைலைக் காட்டினார். மொபைலைக் காட்டியே சோறூட்டி வளர்த்த பிள்ளை, அன்றைக்கு மொபைலே வேண்டாம் என்றது. சரி, தாய்மாமன் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்படியே கோயிலுக்குத் தூக்கிப்போனோம்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடி இறக்க வேண்டும். முடி எடுப்பவர் தண்ணீர்க் கிண்ணத்தோடு தயாராக இருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. அண்ணன், மருமகனுக்கென்று வாங்கிய குட்டி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போட்டோவுக்குப் போட்டீங்க, சரி. அத்தோட கழட்டு. பாவாடையோட என் மடியில குந்திகினா போட்ல கீற பசங்க என்னை வெச்சு செய்வானுங்க."

"கழட்ட மாட்டேன்றான். முடிஞ்சா நீயே கழட்டு."

அண்ணன் கிட்டே போனான். பிள்ளை பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விக்கல் எடுக்கும்வரை ஏங்கி ஏங்கி அழுதான்.

"போட்டுவுட்டதே நாமதான். அது அவனுக்குப் புடிச்சுப்போச்சுன்னா மட்டும் குத்தமா?" என்று கேட்டுவிட்டு, என் மொபைலில் இருந்த ஒரு படத்தை அண்ணன் மூக்குக்கு நேராக நீட்டினேன். அம்மா வீட்டு பீரோவில் இருந்ததைப் படமெடுத்து வைத்திருந்தேன். இரட்டை ஜடை, ரூபாய் அளவுக்குப் பொட்டு, பச்சைப் பாவாடை, மோவாயைத் தூக்கிக்கொண்டு ஒரு நிற்பு. எங்கள் அண்ணன்தான். என்னைவிட அழகாக இருப்பான்.

"ஒன் போட் பசங்களுக்கு இத அனுப்பட்டுமா?"

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. மொபைலை வாங்கி, இரண்டு விரலால் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இத எடுத்து முட்ச்சதும் நானும் கழட்ட மாட்டேன்னுதான் அழுதேன்" என்றான் மெதுவாக. "நைனா முதுகுல ஒண்ணு வெச்சாரு. அப்பால நான் கேக்கல."

எங்கள் அப்பா பிள்ளைகள் மேல் கைவைக்காதவர் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரட்டை ஜடைக்காரனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அண்ணன் மொபைலைத் திருப்பிக் கொடுத்தான். பாயில் சம்மணமிட்டுத் தொடையைத் தட்டினான். "வாடா மாப்ள. பாவாட கசங்காம குந்து."

முடி எடுப்பவர் ஜடையை அவிழ்த்துக்கொண்டே, "பொண்ணா, அண்ணாத்த?" என்றார்.

"என் மருமவன்யா. கத்தி பாத்து."

முடி இறங்கியது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை கோயில் முற்றத்தில் மறுபடி சுற்றத் தொடங்கினான். சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தர் வீடியோவே எடுத்தார். பிள்ளை ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, நீயும் சுத்து."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தான். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டான். பிறகு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

வேட்டியும் கொஞ்சம் விரியத்தான் செய்தது.