கொசுவலைக்குள் ஒரு பச்சைப் பூக்கோசு

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் நாங்கள் எல்லோரும் கொசுக்கடி பட்டுக்கொண்டு கிடக்க, ஒரு செடி மட்டும் கொசுவலைக்குள் சுகமாக இருந்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கிளார்க்காக இருந்தவர். பினாங்கில் குண்டு விழுந்ததும் துரை சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறிவிட்டார். அதற்குச் சில நாள் முன்பு அவர் அப்பாவிடம் கொடுத்தது ஒரு விதைப் பொட்டலம். அதன் மேல் ஆள் தலை அளவுக்குப் பச்சைப் பூக்கோசு ஒன்றின் படம். இப்போது புரோக்கோலி என்று விற்கிறார்களே, அதுதான். துரை திரும்பி வந்து தன் செடியைக் கேட்பார் என்று அப்பா நம்பினார். தன் தங்கைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நல்ல குடும்பத்து மாப்பிள்ளை வருவான் என்றும் அதே உறுதியோடு நம்பினார். கப்பலே ஓடாத காலத்தில் இரண்டும் எப்படி வரும் என்று கேட்க அம்மாவைத் தவிர யாருக்கும் தைரியமில்லை. அந்தத் தங்கைதான் எனக்கு மாமி.

அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று எங்கள் நாக்குச் செத்துப்போயிருந்தது. அப்பா விதைத்ததில் வெயிலுக்கும் புழுவுக்கும் தப்பியது ஒரே ஒரு செடி. அதுவும் எலுமிச்சங்காய் அளவு மொட்டுக் கொத்து ஒன்றை விட்டது. அம்மா கத்தியோடு போனார். அப்பா குறுக்கே நின்றார். அதை விட்டால் பூக்கும், பூத்தால் விதை, விதை இருந்தால்தான் துரைக்குப் பதில் சொல்லலாம் என்றார். பூத்தது, மஞ்சள் மஞ்சளாக அழகாகவே பூத்தது. காய்தான் பிடிக்கவில்லை. அந்தக் கவலையில் அப்பாவுக்குக் கிழங்குகூட இறங்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாத்தியார் தாயோடு இருந்தார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் கைலான் என்கிற, தண்டு தடித்த சீனக் கீரை போட்டிருந்தார். அவர்கள் தமிழர்தான், ஆனால் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஒருநாள் அவர் வேலியருகே வந்து அப்பாவிடம் சொன்னார்.

"அது தன்னோட மகரந்தத்த எடுத்துக்காது லா அண்ணே. இன்னொரு செடி வேணும். என் கைலான் பூத்திருக்கு, ரெண்டும் ஒரே இனந்தான்."

அப்பாவுக்கு வந்ததே கோபம். துரை வீட்டுச் செடிக்குப் பாசாரில் கட்டுக் கட்டாக விற்கிற கீரையா ஜோடி? கலப்படம் வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே வீட்டிலிருந்த ஒரே கொசுவலையை எடுத்துச் செடிமேல் கட்டினார். இனி ஒரு தேனீயும் உள்ளே போகாது. மாமியின் கையில் கோழி இறகு ஒன்றைக் கொடுத்து, அதன் பூந்தூளை அதற்கே தடவிவிடச் சொன்னார். அவருக்குத்தான் கை பதமாம்.

மாமி தினமும் காலையில் போனார். முதலில் வேலியருகே போவார். வாத்தியார் கைலான் பூங்கொத்தை இந்தப் பக்கம் நீட்டுவார். மாமி இறகால் அதைத் தொட்டுக்கொண்டு வந்து வலையைத் தூக்கித் தடவுவார். இதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் போகப் போக நேரம் கூடிக்கொண்டே போனது. பூ வேலை பாவம் ரொம்பக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அடுக்களை ஜன்னலில் நின்று பார்ப்பார், பிறகு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்.

காய் பிடித்தது. கொத்துக் கொத்தாகப் பிடித்தது. கொசு கடித்துத் தடித்த முகத்தோடு அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். சுத்தமான விதை என்றார். அதை விதைத்தபோது முளைத்த செடிகளோ தடித்த தண்டும் வழுவழுப்பான இலையுமாக நின்றன, பூக்கொத்து பேருக்கு. மண் வாகு அப்படி என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாத்தியாரின் தாய் வந்து மாமியைப் பெண் கேட்டார். வேதக்காரருக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று அப்பா ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். மாமி அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. எனக்கு மாமியைப் பார்க்க அழுகை அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா புதுச் செடிகளை வெட்டித் தேங்காய்ப்பூ போட்டு வறுத்து வைத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வாய்க்கு ருசியாக ஒன்று. அப்பா கேட்டுக் கேட்டு வாங்கினார். துரையின் செடி என்றால் சும்மாவா என்றார்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "இது வேலிக்கு அங்கால இருந்து வந்த கலப்பு. உங்கட தங்கச்சிதான் இறகால தடவினவ. நீங்கள் மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டியள்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. அடுக்களைக்குள் மாமியின் வளையல் சத்தமும் நின்றது. வேலியை உயரமாகக் கட்டிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அப்பா தட்டில் மிச்சமிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவினார். செடிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த வாத்தியாரை வரச் சொல்லு பிள்ளை" என்றார்.

நான் ஓடினேன். திருட்டுத்தனமாகப் பூ கொடுத்தது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு நல்ல ஏச்சு இருக்கிறது என்று மூச்சு வாங்க எச்சரித்தேன். வாத்தியார் பயந்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாற்றி, கண்ணாடி முன் நின்று தலையில் தண்ணீர் தொட்டு, வகிடெடுத்து வாரினார். பிடிக்காமல் கலைத்துவிட்டு மறுபடியும் வாரினார்.

ஏச்சு வாங்கப் போகிறவருக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று எனக்கு விளங்கவேயில்லை.