வலக்கை, அம்மா, வலக்கை

படப்பிடிப்புத் தளத்தில் என் பெயரை யாரும் சொன்னதில்லை. "கன்டினியூட்டி எங்கே?" என்றுதான் தேடுவார்கள். கொழும்பில் எடுத்த தொலைக்காட்சி நாடகங்கள், ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள், எல்லாவற்றிலும் எனக்கு ஒரே வேலை. கதாநாயகன் எந்தக் கையால் கதவைத் திறந்தான், தட்டில் எத்தனை வடை மிச்சம், சேலைத் தலைப்பு எந்தத் தோளில் கிடந்தது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். ஒரு காட்சியைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டும்போது இவை மாறிவிட்டால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இயக்குநர்கள் நான் சொன்னதைக் கேட்டது குறைவு. பிறகு எடிட்டிங் அறையில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்ததும் அவர்கள்தான். வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன்.

அந்த எரிச்சலில்தான் சொந்தப் படம் எடுக்கத் துணிந்தேன் என்றாலும் பொய்யில்லை. என் படத்தில் ஒரு கோப்பைகூட இடம் மாறாது என்று எல்லோரிடமும் வாய் கிழியப் பேசிவிட்டுத் திருகோணமலைக்கு வந்து இறங்கினேன். துறைமுகத்தைப் பார்த்த ஒரு வீடு கிடைத்தது. கதை சின்னது. வெளிநாடு போகப்போவதாக மகள் சொல்கிறாள். தாய் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி, குடிக்காமலே திரும்ப வைக்கிறாள். யன்னலுக்கு வெளியே கப்பல் நிற்கிறது. மகள் படத்தில் தெரியமாட்டாள், குரல் மட்டுந்தான். அந்த வசனத்தைக் கமெராவுக்குப் பக்கத்தில் நின்று நானே சொன்னேன்.

தாயாக நடிக்கக் கொழும்பிலிருந்து ஒரு நடிகையைக் கூட்டிவந்திருந்தேன். கண்ணீர் விடாமல் ஒரு வசனமும் சொல்லமாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அவரை அனுப்பிவிட்டு, அருகிலுள்ள பாலையூற்று வீட்டிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த என் அம்மாவைக் கதிரையில் இருத்தினேன்.

"நான் என்னத்தைப் பிள்ளை நடிக்கிறது? எனக்கு ஏலாது."

"நடிக்க வேண்டாம் அம்மா. நான் 'அக்‌ஷன்' எண்டாத் தொடங்குங்கோ. 'கட்' எண்டா நிப்பாட்டுங்கோ. இடையில ஒண்டையும் மாத்தாதேங்கோ."

அம்மா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். விதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அவருக்கு அது விதிதான். ஒருநாள் சாப்பிடும் காட்சியில் 'கட்' சொல்ல மறந்துவிட்டு, கமெராக்காரத் தம்பியோடு லென்ஸைப் பற்றி வாதாடிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால், அம்மா தட்டு நிறையப் போட்ட சோற்றை முடித்துவிட்டுச் சட்டியில் இருந்ததையும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீ நிப்பாட்டச் சொல்லேல்லையே" என்றார். வயிறு நோகச் சிரித்தோம்.

தேத்தண்ணிக் காட்சியை ஒரு பின்னேரம் எடுத்தோம். முதல் மூன்று டேக்கிலும் அம்மா வலக்கையால் கோப்பையைத் தூக்கினார். நன்றாகவே வந்தது. அந்த நேரம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் அசர் பாங்கு தொடங்கியது. ஒலிப்பதிவுக்கு அது தடங்கல் என்பதால் எல்லோரும் அசையாமல் காத்திருந்தோம். பாங்கு முடிந்து நாலாவது டேக்கைத் தொடங்கினால், அம்மா இடக்கையால் தூக்குகிறார்.

"அம்மா, வலக்கை."

தலையை ஆட்டினார். திரும்பவும் இடக்கை.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "மூண்டு தரம் சரியாச் செய்தனீங்கள்தானே! இப்ப என்ன வந்தது? வலக்கை, அம்மா, வலக்கை!"

அம்மா என்னையே பார்த்தார். களைத்துப்போய் அடம்பிடிக்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய் அவருடைய வலக்கையை நானே எடுத்துக் கோப்பைப் பிடியில் வைத்தேன். கை கனத்தது. அதையும் கவனித்தேன், கவனித்துவிட்டுத் திரும்பிவந்து 'அக்‌ஷன்' என்றேன். கோப்பை கொஞ்சம் எழும்பியது, பிறகு சரிந்தது. சுடச்சுடத் தேத்தண்ணி அவர் மடியில் கொட்டியது. அம்மா துடிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு முதலில் வந்த யோசனை, இதே நிறத்தில் இன்னொரு சேலை இருக்கிறதா என்பதுதான்.

கமெராக்காரத் தம்பி கிண்ணியாவைச் சேர்ந்தவர், அதிகம் பேசாதவர். கமெராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, அம்மாட வாய் ஒரு பக்கமா இழுக்குது."

இத்தனை வருடமாக, எது மாறியது என்று பார்ப்பதற்கே என்னைக் கூப்பிட்டார்கள். என் தாயின் கை மாறியதை அங்கே எல்லோருக்கும் முதல் நான்தான் கண்டேன். கண்டுவிட்டு, பிழை என்று ஏசினேன்.

ஓட்டோவில் அம்மாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாரிசவாதம் என்றார்கள். அங்கிருந்த பெண் டொக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"கடைசியா எப்ப நல்லா இருந்தவ? இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து இருக்கு. ஆனா நேரம் தெரியாமக் குடுக்க ஏலாது."

"அசர் பாங்குக்கு முதல் வலக்கை. பாங்கு முடிஞ்ச உடனே இடக்கை."

"நிச்சயமாத் தெரியுமோ?"

"ஓம். அதுதான் என்ர வேலை" என்றேன். சொல்லி முடிக்கும் முன்னே அழுகை வந்துவிட்டது.

ஸ்கான் எடுத்து மருந்தை ஏற்றினார்கள். அடுத்த நாள் காலை அதே டொக்டர் அம்மாவின் கட்டிலுக்கு வந்தார். அம்மாவுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை, கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அம்மா, வலக்கையைத் தூக்குங்கோ பாப்பம்."

அம்மா டொக்டரைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தார். டொக்டர் திரும்பவும் கேட்டார். கை அசையவில்லை. "சொல்லுறது விளங்குதோ தெரியேல்லை" என்று டொக்டர் மெல்லச் சொன்னார். அம்மா கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் கமெராவுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ட பார்வை அது.

"அக்‌ஷன்" என்றேன்.

முதலில் விரல்கள் விரிந்தன. பிறகு மணிக்கட்டு அசைந்தது. வலக்கை விரிப்பை விட்டுக் கொஞ்சம் எழும்பி, நடுங்கிக்கொண்டு நின்றது.

"நல்லது. காணும் அம்மா, இறக்குங்கோ" என்று டொக்டர் சிரித்தார்.

அம்மா இறக்கவில்லை. முகத்தில் வியர்வை துளிர்த்தது, கண் என்னையே பார்த்தது. 'கட்' என்று நான் சொன்னால்தான் இறக்குவார். அதைச் சொல்லாமல் ஓடிப்போய் என் இரண்டு கையாலும் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தேன்.