முட்டை வைத்துப் பார்த்து வாங்கிய வண்டி

அப்பா வண்டி வாங்கப் போன அன்று என் கோழியின் அடியிலிருந்து ஆறு முட்டைகளைத் திருடினார். திருடினார் என்றுதான் சொல்வேன். கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர் கிடையாது. மொத்தம் பத்து முட்டைகள், அடை வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கோழி என்னுடையது. மாமா எனக்கென்றே கொடுத்தது.

எங்கள் வீடு புதூர்நாட்டுப் பக்கம், ஜவ்வாது மலைமேல். சாமையும் புளியும் கீழே போக வாரத்துக்கு ஒரு ஜீப். அதுவும் டிரைவர் மனசு வைத்தால். முந்தைய ஆண்டு அம்மாவுக்கு வலி எடுத்தபோது ஜீப் இல்லை. கம்பில் துணி கட்டி டோலியில் தூக்கிப் போனார்கள். பாதி மலையில், ஒரு நாவல் மரத்தடியில் குழந்தை பிறந்தது. அங்கேயே போய்விட்டது. அந்த மலைக்கு ரோடு போடாதவர்கள் யாராவது ஒரு முறை அந்த டோலிக்குப் பின்னால் நடந்திருக்க வேண்டும்.

இப்போது அம்மாவுக்கு மறுபடி ஆறு மாதம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் புளி மூட்டை இறக்க வண்டி வாங்குவதாக அப்பா ஊரில் சொன்னார், நானும் நம்பினேன். எனக்கு எட்டு வயது.

நானும் அப்பாவோடு இறங்கினேன். அடிவாரத்தில் மாமா காத்திருந்தார். அவர் அம்மாவின் தம்பி, அங்கேயே குடியிருந்தவர். அவரும் வாணியம்பாடியில் பழைய வண்டி விற்கும் பாயும் ஆளுக்கொரு வண்டியை ஓட்டி வந்திருந்தார்கள். பனி இன்னும் இறங்காமல் மலையின் இடுப்பில் கட்டிக் கிடந்தது. ஒரு வண்டி சிவப்பு மோட்டார் சைக்கிள். அதன் பெட்ரோல் டாங்கில் என் முகம் பூசணிக்காய் போல நீண்டு தெரிந்தது. பெட்ரோல் வாசனை தலைக்கு ஏறியது. நான் அதற்குள் அந்த வண்டியில் ஏறிப் பனிமேல் போய்க்கொண்டிருந்தேன். சக்கரம் தரையில் படவில்லை. கீழே புளியமரங்கள் எல்லாம் பச்சைப் பொட்டுகள். இன்றைக்கும் அந்தப் பயணம் நிஜமாகப் போய்வந்தது போலத்தான் ஞாபகம் இருக்கிறது.

“மாப்ள வண்டி கவுண்டரே. ஒரே ஒதை, கெளம்பிடும்,” என்றார் பாய்.

“பெட்ரோலு எவ்ளோ குடிக்கும்?” என்றார் மாமா.

“ராஜா மாதிரி வண்டி. கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்.”

“ராஜாவ வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது பாய்? மூட்டை தூக்கற ஆளு வேணும்.”

“அப்போ இந்தக் கழுதைய பாருங்க.”

இரண்டாவது வண்டி அடுப்புக்கரி நிறம். சீட்டில் சாக்குத் துணி தைத்திருந்தது. பால்காரர் வைத்திருந்ததாம். பின்னால் இரும்புக் கேரியர். கெட்டுப்போனால் சைக்கிள் கடைக்காரரே பார்த்துவிடுவார், விலையும் கம்மி என்றார் பாய். அது இருமிக்கொண்டே கிளம்பியது. எனக்கு அழுகை வந்தது.

அப்பா சிவப்பு வண்டியில் மாமாவை முன்னால் உட்காரச் சொன்னார். நடுவில் புளி மூட்டை, பின்னால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர். மூட்டையின் மேல் ஒரு சின்னக் கூடை. கூடையில் வைக்கோல் போட்டு என் முட்டைகள் மூன்று.

பாய் வாய்விட்டுச் சிரித்தார். “இன்னா கவுண்டரே, வண்டி வாங்க வந்தீங்களா, முட்டை யாவாரமா?”

“புளிக்கு ஒண்ணும் ஆவாது பாய். ஆட்டம் முட்டைக்குத்தான் தெரியும்.”

மாமா சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே அக்கா.

இரண்டாம் வளைவு வரை போய்த் திரும்பினார்கள். இரண்டு முட்டைகள் உடைந்திருந்தன. பிறகு கரிநிற வண்டியில் வேறு மூன்று முட்டைகள். அது மெதுவாக, முனகிக்கொண்டு ஏறி இறங்கியது. ஒன்றும் உடையவில்லை. அப்பா மூன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கழுதையை வாங்கிவிட்டார்.

அறுவடை முடிந்த சாமைக் காட்டில் மாமா அப்பாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சீட்டை அழுத்திப் பார்த்தாள்.

“ஆட்டாதா?”

“உன் பொண்ணோட முட்டையக் கேளு,” என்றார் அப்பா. அம்மா சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மிஞ்சிய நான்கு முட்டைகளிலும் கரியால் கோடு போட்டுக் கோழியின் அடியில் திரும்ப வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, வண்டி ஏறாத நான்கும் குஞ்சு பொரித்தன. கோடு போட்ட நான்கும் அப்படியே கிடந்தன. ஒன்றை உடைத்தேன். நாற்றம். உள்ளே குஞ்சு கண்ணும் அலகுமாகச் செத்திருந்தது.

நேராகக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தேன். “ஒடையலன்னு சொன்னியே. பாரு. ஓடு நல்லாத்தான் இருக்குது. உள்ள செத்துப்போச்சி. நீதான் ஆட்டிக் கொன்னுட்ட.”

அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். விழவில்லை. அப்பா அந்தக் குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் அம்மாவிடம், “துணிமணிய எடு. காத்தால உன் தம்பி வூட்டுக்குப் போறோம்,” என்றார்.

“இன்னும் மூணு மாசம் கீதே,” என்றாள் அம்மா.

“இருக்கட்டும். வலி வந்தப்புறம் எறங்கறதெல்லாம் வேணாம்.”

மறுநாள் விடியலில் கிளம்பினோம். பனிக்குள் அம்மா முன்னால் நடந்தாள். சாமை மூட்டை, கோரைப்பாய், சட்டி, அம்மாவின் துணி எல்லாம் வண்டியில் இருந்தன. என் கோழியும் குஞ்சுகளும் கூடையில். அப்பா வண்டியைக் கிளப்பவே இல்லை. அம்மா நடந்தால் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் உட்கார்ந்தால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாவல் மரத்தடியில் அம்மா நின்றாள். அவரும் நின்றார். வெயில் ஏறும்வரை பனியில் அந்தச் சக்கரத்தின் கிறீச் கிறீச் சத்தம் மட்டும்தான்.

எதிரே விறகோடு ஏறிவந்தவர், “வண்டி வாங்கி மாடு மாதிரி ஓட்டிக்கினு போறியே!” என்று சிரித்தார். எனக்கு மானம் போனது.

தம்பி கீழே ஆஸ்பத்திரியில் பிறந்தான், கத்திக்கொண்டு. அந்தக் கழுதை அதன் பிறகு பல வருஷம் புளி சுமந்தது. ஆனால் அன்று, அவ்வளவு தூரம் இறக்கத்தில் அப்பா வண்டியைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்ததைப் பார்த்து, அவருக்கு இன்னும் சரியாக ஓட்ட வரவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.